தூக்கிப் போடாத பழைய ஷூவுக்கு நன்றி

அம்மாடி,

அசல் எது, போலி எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் வெகு சிலர். அவர்களில் ஒருவனான உன் புருஷன் இன்று இன்டர்வியூவுக்காக, ஆன்லைனில் வாங்கிய பெரிய கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தான். அடிப்பாகம் கழன்று வந்துவிட்டது. உள்ளே வெறும் அட்டை.

நைட் டியூட்டி முடிந்து நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனசில்லை.

"உனக்குத் தரம்னா என்னன்னு தெரியுமா? அந்தப் பழசைத் தூக்கிப் போடு" என்று ஞாயிற்றுக்கிழமை கத்தினேன். "சரிங்க துரை" என்றாய். அந்தப் பழசு கட்டிலுக்கு அடியில் இருந்தது, பாலிஷ் போட்டு, புது லேஸ் கட்டி. அதில்தான் போகிறேன். வேலை கிடைத்தால் பாதி உன்னால்தான். நன்றிம்மா.

பிளாஸ்கில் காபி இருக்கிறது. சாவி ஜன்னலோரம். புது ஷூவைத் திரும்ப எடுக்க ஆள் வருவார். கழன்ற அடிப்பாகத்தையும் மறக்காமல் கொடுத்துவிடு.

சிரிப்பதென்றால் நான் வருவதற்குள் சிரித்து முடித்துவிடு.

இன்னொன்று. ஐந்து நட்சத்திரம் போட்டால் சாக்ஸ் இலவசம் என்று விற்றவன் சொன்னான். பெட்டியைப் பிரிக்கும் முன்பே போட்டுவிட்டேன். கூடவே, 'என் மனைவிக்கும் மிகவும் பிடித்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன்.