ஓரூக் சாப்பிடவில்லை என்று எழுதினேன்

பிப்ரவரி 9
என் மகள் பெகிமாயின் சிநேகிதி ஆலியா வந்தாள். கையில் துணிப்பை. "எனக்குக் கல்யாணம் ஆகப்போகுது அங்கிள், மாமியார் வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. நீங்க வச்சுக்கறீங்களா, இல்ல கடையில குடுத்துடவா?" பைக்குள் என் மகளின் பாம்பு. விஷமில்லாதது, ஆப்ரிகாட் நிறம். அதனால் எங்கள் கிர்கிஸ் மொழியில் ஓரூக் என்று அந்தப் பழத்தின் பெயரையே வைத்திருக்கிறாள்.
மூன்று வருஷத்துக்கு முன் இதே கூடத்தில் நின்று, "இந்த வீட்ல ஒண்ணு பாம்பு, இல்ல நான்" என்றேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச காலம் ஊருக்குள்ளேயே தனி அறையில் இருந்தாள்; பிறகு பாம்பை ஆலியாவிடம் விட்டுவிட்டு ரஷ்யாவில் கசானுக்கு வேலைக்குப் போய் பதினாலு மாசம். என் போனை எடுப்பதில்லை.
"வச்சிட்டுப் போம்மா" என்றேன்.

பிப்ரவரி 11
பீங்கான் பாத்திர அலமாரியைக் காலி செய்தேன். கண்ணாடிக் கதவு இருக்கிறது, போதும். கீழே மரச்சீவல். ஒரு பக்கம் சூடேற்றும் விரிப்பு, சூட்டைக் கட்டுப்படுத்த அதற்கொரு தெர்மோஸ்டாட். பதுங்குவதற்கு இரண்டு பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன், தண்ணீருக்கு ஒரு கனமான கிண்ணம். பிஷ்கெக்கில் பாதி லிஃப்டுகளுக்கு வயர் இழுத்தவன் நான். இந்த ஒரு வயரை மூன்று தடவை சரிபார்த்தேன்.
படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். எதிர்பார்க்கவில்லை. பதில் வந்தது.
"சூடான பக்கம் முப்பது டிகிரி தாண்டக்கூடாது. கதவுக்குப் பூட்டு போடுங்க."
அவ்வளவுதான். 'அத்தா' என்றுகூட இல்லை. இருந்தாலும் எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12
பூட்டு போட்டாயிற்று. என் அக்கா ஜிபார் வந்து எட்டிப் பார்த்தாள். "பெத்த பொண்ணுக்கு இடமில்லாத வீட்ல பாம்புக்கு மெத்தையாடா?" டீ ஊற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 18
ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விடச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ஆலியா. விட்டேன். இன்று ஃப்ரீசரிலிருந்து சுண்டெலியை எடுத்து வெந்நீரில் போட்டு இளக்கி, நீள இடுக்கியால் நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளுக்கு எழுதினேன்.
"கண்ணு பால் மாதிரி இருக்கா?"
இருக்கிறது.
"சட்டை உரிக்கப் போகுது. அப்ப சாப்பிடாது. பயப்படாதீங்க அத்தா."
அத்தா.

பிப்ரவரி 26
முழுச் சட்டையும் கிழியாமல் கிடக்கிறது. படம் அனுப்பினேன். குரல் பதிவு வந்தது, பதினோரு நொடி. "நல்லா உரிச்சிருக்கு, ஈரப்பதம் சரியா வச்சிருக்கீங்க." சளி பிடித்த குரல். யார் அவளுக்கு சூப் வைத்துக் கொடுப்பார்கள்?

மார்ச் 1
சாப்பிட்டுவிட்டது. இடுக்கியிலிருந்து பறித்துச் சுற்றி வளைத்து, அப்புறம் தலைப்பக்கமாக மெதுவாக, நிதானமாக. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உடனே சொல்லப் போனேன். போனைக் கையில் எடுத்ததும் ஒரு எண்ணம் – சாப்பிட்டுவிட்டால் அப்புறம் எதற்கு எழுதுவாள்?
"சாப்பிடலைம்மா" என்று அனுப்பினேன்.

மார்ச் 2
கூப்பிட்டாள். அவளே கூப்பிட்டாள். இருபது நிமிஷம். வெப்பம் எவ்வளவு, வாயில் நுரை இருக்கிறதா, எலி சூடாக இருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்ன மனுஷன் நான்.

மார்ச் 10
மறுபடி சாப்பிட்டது. மறுபடி இல்லை என்றேன்.

மார்ச் 11
விடிந்ததும் போன். அழுகிறாள். "லீவு கேட்டேன், குடுக்க மாட்டேங்கறாங்க. அது செத்துடுமா அத்தா? நான் பக்கத்துல இல்லாமலே செத்துடுமா?"
தாங்க முடியலை. சொல்லிட்டேன். ரெண்டு தடவை சாப்பிட்டுச்சு, நல்லாத்தான் இருக்கு, பொய் சொன்னேன்னு.
"எதுக்கு?"
"நீ பேசறியே, அதுக்குத்தான்."
போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 15
ஒன்றுமில்லை.

மார்ச் 21
நூருஸ், வசந்தப் புத்தாண்டு. அக்கா வீட்டில் முளைகட்டிய கோதுமையில் சுமலக் கிளறினார்கள். போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டேன். அக்கா பார்த்தாள். தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மார்ச் 23
"பாம்பு தேறிவிட்டது, இனி உனக்குக் கவலை வேண்டாம்" என்று எழுதி, அழித்தேன். "அன்றைக்கு உன்னைப் போகச் சொன்னது தப்பு" என்று எழுதி அனுப்பினேன். மூன்று வருஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. பதில் இல்லை.

மார்ச் 30
மத்தியானம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கூண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது, பெகிமாய். அப்படியே அங்கேயே உட்கார்ந்து பேசினேன். அவள் வேலை பார்க்கும் பேக்கரியில் புது மேற்பார்வையாளராம், சிடுமூஞ்சியாம். அறையில் கூட இருக்கிற பெண் குறட்டை விடுகிறாளாம். உயிரோடு இருந்த காலத்தில் அவள் அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும்போது என்னவோ சேர்ப்பாளே, அது என்ன என்று கேட்டாள். மோர் என்றேன். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கீழே யாரோ, லிஃப்ட் எப்போது வரும் என்று கத்தினார்கள். "போங்க அத்தா, திட்டப் போறாங்க. ஞாயித்துக்கிழமை பேசறேன்."
இறங்கி வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. பாம்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.