பூச்சி உருண்டையும் ஆறு கணினிகளும்

2007 பெப்ரவரி 5, திங்கள்
மாத்தளையின் கல்வி வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய நாள். எங்கள் கல்லூரி விஞ்ஞான நூலகச் சுவரிலிருந்து 'மௌனம் காக்கவும்' பலகையைக் கழற்றுவதென்று, அதிபர் தலைமையில் கூடிய குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. தேநீர் இரண்டு முறை வந்தது. நூலகர் என்ற முறையில் நானும் கை உயர்த்தினேன்.

இனி அது 'கூட்டுக் கற்றல் நிலைய'மாம். ஆறு கணினிகள், வட்ட மேசைகள், உருளும் நாற்காலிகள். பொறுப்பு, பௌதிகவியல் ஆசிரியை மஸூதாவுக்கு. அவருக்குக் கணினி தெரியும். எனக்கு எந்தப் புத்தகம் எங்கே என்று மட்டும் தெரியும்.

பெப்ரவரி 19
கணினிகள் வந்தன. யுத்த காலமல்லவா, வாசலில் பொலிஸ்காரர்கள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதித்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. உள்ளே விட்டுவிட்டார்கள்.

மார்ச் 2
இரைச்சல். இரத்தோட்டையிலிருந்து வரும் மாணவி கமலாட்சி, இரண்டு வருடமாக என் மேசைக்கு வந்து புத்தகம் கேட்டவள், இன்று வட்ட மேசையில்.

"என்ன பிள்ள, இந்தப் பக்கமே காணோம்?"

"மஸூதா மிஸ் படமாவே காட்டுறாங்க சேர். அணுவுக்குள்ள சுத்துறது அப்படியே தெரியுது. நீங்களும் வந்து பாருங்களேன்!"

நான் அதைப் பார்த்ததில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை.

மார்ச் 3
பொறாமை இல்லை. உருளும் நாற்காலி ஒன்றையாவது எனக்குத் தந்திருக்கலாமே? யாரைக் கேட்டாலும் மஸூதா மிஸ், மஸூதா மிஸ்! அந்தம்மாவுக்குச் சிரிக்கத் தெரியுது, எனக்குத் தெரியல — அவ்வளவுதானே?

மார்ச் 12
அதிபரிடம் போய் விஞ்ஞானம் பேசினேன். புத்தக அலுமாரிகளில் நான் போடும் பூச்சி உருண்டையின் ஆவி கணினிக்குள் புகுந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். இரண்டும் ஓர் அறையில் இருக்கக் கூடாது என்றேன். எங்கே படித்தேன் என்று அவர் கேட்கவில்லை. எங்கும் படிக்கவில்லை. இரசாயன ஆசிரியரும் லீவு.

மஸூதா அங்கேதான் இருந்தார். "அப்படியா சேர்? நல்லவேள சொன்னீங்க" என்றார். இந்த மனுஷிக்குக் கோபமே வராதா?

"ரெண்டுல ஒண்ண மாத்திருவோம், நடராஜா" என்றார் அதிபர்.

கணினிகளுக்கு மாடியில் ஓர் அறையை மனதில் தேர்ந்துவிட்டேன். கூரை கொஞ்சம் ஒழுகும்.

மார்ச் 15
புத்தகங்களை மாற்றப்போகிறார்களாம். புத்தகங்களை! "சரியான பொயிண்ட் நீங்க சொன்னது" என்று அதிபர் கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். வேற என்னத்தச் செய்ய?

ஏப்ரல் 3
மைதானத்துக்குப் பின்னால், பழைய விளையாட்டுச் சாமான் அறை. அலுமாரிகள், பூச்சி உருண்டை, நான். யாரும் வரவில்லை. மாலையில், துப்புரவு செய்யும் கிருஷ்ணம்மா உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனார். நான் கத்திய சத்தம் கேட்டு மஸூதா வந்து திறந்துவிட்டார்.