சுல்தா திரும்பிப் பார்க்காத நாட்கள்

28-5-1936, வியாழன்

மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. சிறுபிள்ளைகள் வகுப்பில் சேர்க்கும் முன்னால் டாக்டரம்மா ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பார்களாம். சுல்தாவுக்கு அடுத்த வியாழக்கிழமை காலை. தாய் கூட வரவேண்டும், பிள்ளையைப் பற்றி என்ன கவலை இருந்தாலும் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறது.

என்ன கவலை! எதை என்று சொல்ல? ஐந்து வயது முடிந்துவிட்டது. அவள் பேசுவது எனக்கும் அவளைப் பெற்ற அத்தாவுக்கும்தான் புரிகிறது. எந்நேரமும் வாய் திறந்தே இருக்கிறது. தூங்கினால் பெரிய ஆள் மாதிரிக் குறட்டை. சொன்ன பேச்சு கேட்பதே கிடையாது. இன்று தெற்கு வாசல் பக்கம் குதிரை வண்டி வருகிறது. “நில்லுடி, நில்லுடி” என்று கத்துகிறேன், அவள் பாட்டுக்குக் குறுக்கே போகிறாள். வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்ததால் பிழைத்தாள். தெருவிலேயே முதுகில் இரண்டு வைத்தேன். கை இன்னும் எரிகிறது.

மைதீன் பீவி மதினி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா. “ஏ மெஹரு, மந்தமான புள்ளைய எதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, நாலு பேரு சிரிக்க விடுறே?” என்றார்கள். வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். ஆனால் மனதுக்குள் எனக்கும் அதே பயம்தானே?

3-6-1936

நாளைக்கு. என்னென்ன சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறேன். குறட்டை. வாய். பிடிவாதம். அடித்ததைச் சொல்லமாட்டேன்.

4-6-1936, வியாழன்

எப்படி எழுதுவேன், எங்கே தொடங்குவேன்? இன்று கண்ணால் பார்த்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

டாக்டர் ஞானசவுந்தரிக்கு என் வயதுக்கு மேல் பத்து இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. சுல்தாவை மேஜை மேல் உட்காரவைத்தார்கள். நெற்றியில் வட்டக் கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு மூக்கு, தொண்டை, காது எல்லாம் பார்த்தார்கள். வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்துக்குப் பின்னால் தடவியதும் கடித்துவிட்டாள்! எனக்கு உயிரே போயிற்று. டாக்டரம்மா விரலை உதறிக்கொண்டு, “பல்லு நல்லாருக்கு, அதையும் எழுதிக்கிடுதேன்” என்று சிரித்தார்கள்.

பிறகு, “என்ன கவலை, சொல்லுங்கம்மா” என்றார்கள். வரிசையாகச் சொன்னேன். சொன்ன பேச்சு கேட்கமாட்டாள் என்றதும் நிறுத்தினார்கள்.

“எப்பக் கேக்கமாட்டா? எந்நேரமுமா?”

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. யோசித்தேன். வீட்டில் எதிரே உட்கார்ந்து சொன்னால் கேட்கிறாள். தெருவில்தான் கேட்பதில்லை.

“தெருவில நீங்க எப்படிப் போவீங்க?”

“துப்பட்டி போட்டுக்கிட்டுத்தான்.”

“முகத்தை மூடியா?”

“ஆமா.”

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, “சுல்தான் பீவி, உங்க அத்தா பேரு என்ன?” என்று கேட்டார்கள். நல்ல கணீரென்ற குரல்தான். சுல்தா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும் கேட்டார்கள். பதில் இல்லை. காகிதத்தைக் கீழே இறக்கினார்கள். இந்தத் தடவை குரலே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

“ஈய் முகமது” என்றாள் சுல்தா, அவள் குழறலில். அவள் அத்தா பேர்தான்.

என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. அவள் இத்தனை நாளும் என் வாயைப் பார்த்துப் பேச்சைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டு கத்தியிருக்கிறேன். கேட்கவில்லை என்று அடித்திருக்கிறேன்.

அழுதுவிட்டேன். அடித்ததையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. “பொறுங்க, இன்னொண்ணு பாக்கணும்” என்று கவைக்கம்பு மாதிரி ஓர் இரும்பை எடுத்துத் தட்டினார்கள். அது ரீங்காரமிட்டது. சுல்தாவின் காதருகே பிடித்தார்கள். அவளிடம் ஓர் அசைவும் இல்லை. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்தார்கள்.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண் இரண்டும் விரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைத் தொட்டு, “ம்மா, உள்ள வண்டு!” என்றாள்.

டாக்டரம்மா கண்ணும் கலங்கியிருந்தது. “எலும்பு வழியாக் கேக்குது. அப்ப உள்காது உசுரோடதான் இருக்கு. மூக்குக்குப் பின்னால சதை வளந்து, காதுக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. குறட்டைக்கும் அதுதான் காரணம். மயக்கம் குடுத்து அதை எடுக்கணும். முழுசாக் கேக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா நம்பிக்கை இருக்கு” என்றார்கள்.

5-6-1936

அவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். குடையைக்கூட மூலையில் வைக்காமல் நின்றபடியே கேட்டார்.

“தொண்டைக்குள்ள கத்தி விடுறதா? எம் புள்ளைக்குக் கேக்காமயா நான் வந்ததும் ஓடி வர்றா?”

“ஒங்களப் பாத்துட்டு ஓடி வர்றா.”

“மயக்கத்துல இருந்து எந்திரிக்கலைன்னா?”

சுல்தாவுக்கு முன்னால் பிறந்தவன் பதினோரு நாள் இருந்தான். இரண்டு பேரும் அவனைத்தான் நினைத்துக்கொண்டு நின்றோம்.

7-6-1936, ஞாயிறு

இன்று முழுவதும் அவளையே பார்த்தேன். பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதாக நினைத்திருந்தேன். இல்லை, பார்வை கொஞ்சம் கீழே, உதட்டில். யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு? எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அதுவும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து. இவள் தொட்டிலில் கிடந்தபடியே தானாகப் படித்திருக்கிறாள். அல்லாஹ், இந்தப் பிள்ளையையா மந்தம் என்றோம்?

சாயங்காலம் முற்றத்தில் கோழிக்குஞ்சுகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் பின்னால் போய் நின்று, “சுல்தா” என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக, “சுல்தான் பீவி! அத்தாடா!” குஞ்சுகள் சிதறி ஓடின. அவள் அவை ஏன் ஓடுகின்றன என்று பார்த்தாள். திரும்பவில்லை.

அவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. “என்னைக்கு வரச்சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார்.

15-6-1936, திங்கள்

முடிந்தது. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம்தான் நின்றோம். எனக்கு அது ஒரு யுகம். மைதீன் பீவி மதினி ஓதிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார்கள், நகம் பதியும்படி. மூக்கெல்லாம் ரத்தத்தோடு கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கண்ணை விழித்து என் வாயைத் தேடினாள். “இருக்கேன்டா” என்றேன்.

16-6-1936

குறட்டை இல்லை. வாயை மூடித் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று நான்தான் குனிந்து குனிந்து பார்க்கிறேன்.

27-6-1936

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பின்னால் நின்று கூப்பிட்டால் இன்னும் திரும்பவில்லை. டாக்டரம்மா பொறுக்கச் சொல்கிறார்கள். எம்புட்டு நாள் பொறுக்கிறது? வீணா அந்தப் பச்ச மண்ணக் கீறிப்புட்டோமா?

5-7-1936, ஞாயிறு

கேட்டது. கேட்டேவிட்டது!

காலையில் தாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் திடுக்கென்று சட்டியை எட்டிப் பார்த்தாள். “ம்மா, கடுகு பேசுது!” கடுகு குதிப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். அது சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். குழம்பு வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது, அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றார்.

மதியம் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். உள் அறையில் இருந்தாள். சன்னல் எதுவும் இல்லாத அறை. எழுந்து நின்று கூரையைப் பார்த்தாள்.

“யாரோ கூப்புடுறாங்க.”

“ஆமாடா.”

“யாரை?”

“எல்லாரையும்.”

“என்னையுமா?”

“உன்னையும்தான்” என்றேன். அவள் தலைத்துணியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்தக் குரல் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் எனக்கும் கேட்டது போல் இருக்கிறது.

20-7-1936

டாக்டரம்மா பள்ளிக்கூடச் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இடது காதில் கொஞ்சம் குறை இருக்கும், வகுப்பில் முன்னால் உட்காரட்டும் என்றார்கள். இருக்கட்டும். நாளையிலிருந்து பள்ளிக்கூடம்.

12-8-1936, புதன்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரிடம் சொன்னேன். வயிற்றில் பிள்ளை. இரண்டு மாதம் தள்ளியிருக்கிறது. முதல் பிள்ளையை நினைத்து இன்னும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று, காதோடு காதாகத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுல்தா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் சிலேட்டில் ‘ட’ எழுதிக்கொண்டிருந்தாள். குச்சியை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை.

“தம்பியா, தங்கச்சியா?” என்றாள்.