ஜன்னலோரத்துத் தலையணை

மாவுக்கட்டு மகாராஜாவுக்கு,

நீ போனை எடுக்காததால் கடிதம். கோபத்தில் கசக்கி எறிந்தால் எழுந்துபோய் எடுக்க உன் காலால் முடியாது. ஒழுங்காகப் படித்துவிடு.

உன்னை விட்டுவிட்டு மலைக்குப் போனோம் என்று யார் சொன்னது? வேனில் உன் ஜன்னலோர சீட்டில் ஒரு தலையணையை வைத்து, உன் தங்கை திருடிக் கொடுத்த உன் சிவப்புத் தொப்பியை மாட்டி, பெல்ட்டும் போட்டுவிட்டோம். தேசியப் பூங்கா வாசலில் காவலர் எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி ஏன் பேச மாட்டேங்குறாரு?"

"எங்க மேல கோவம் சார்," என்றேன். வேன் ஓட்டிய குண்டுவின் அண்ணன் சிரித்த சிரிப்பில் எஞ்சினே நின்றுவிட்டது.

அருவிக்கரையில் ஒரு குரங்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டது. சத்தியமாக உன்னைவிட அதற்கு எடுப்பாக இருந்தது. குண்டு உன் பெயரைச் சொல்லி, "குடுத்துடுடா!" என்று கத்தினான். அது திரும்பிப் பார்த்ததடா!

உச்சிக்கு மட்டும் ஏறவில்லை. கடைசி வளைவில் குண்டு, "ஷூ கடிக்குதுடா," என்று உட்கார்ந்தான். "மேல ஒரே மேகம், ஒண்ணும் தெரியாது," என்றேன் நான். அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குண்டு போட்டிருந்தது செருப்பு.

மலை எங்கேயும் ஓடாது, இப்போதைக்கு நீயும்தான். கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று போனை எடுத்துச் சொல்லித் தொலை.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டு