சாவு வீட்டுக்குத் திறந்த வால்வு

ஆம்பூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஜீவா எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் ஏதோ சரியில்லை என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் முக்தார் அகமது அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரேயடியாக வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பம்ப் ஹவுஸில் எனக்கு வேலை நிரந்தரமானால் வரலாம் என்றுதானே பேசி வைத்திருந்தோம். அது இப்போது தொங்கலில் இருக்கிறது.

ஊர் ஊருக்கு மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை ஆய்வு செய்ய சென்னையிலிருந்து அரசுக் குழு வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்க்கிற தெருக்கள் இங்கே இருக்கின்றனவே, யாராவது கேட்க வேண்டாமா? ஆனால் எங்கோ காணாமல் போகும் லட்சம் லிட்டரை விட்டுவிட்டு என் அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாவு விழுந்த வீட்டுக்கு, முறை இல்லாத நாளிலும் அரை மணி நேரம் வால்வைத் திறந்துவிடுவது பம்ப் ஹவுஸ் ஆட்களான எங்களுக்குள் வழக்கம் என்று உனக்குத் தெரியும். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்ப்பதில்லை. நோட்டிலும் எழுதுவதில்லை. போன மாதம் மஹ்பூபி அம்மா மவுத்தானபோது, குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை என்று அவர் மகன் அப்துல் ஹமீத் வந்து நின்றார். திறந்தேன். புதிதாக மாட்டிய மீட்டர் அதைப் பதிந்துவிட்டது. அதே லைனில் ஒரு தோல் கம்பெனியும் இருக்கிறது. நான் அவர்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டேனாம்!

அப்துல் ஹமீத் எனக்காகச் சாட்சி சொல்ல வந்தார். எங்கே வேலை என்று கேட்டார்கள். அந்தக் கம்பெனியிலேயே சூப்பர்வைசர். கேட்ட அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். என் தலையெழுத்தைப் பார்! எங்கள் இன்ஜினியரோ, "பைப் ஒடைஞ்சிபோச்சின்னு எழுதிக் குடுத்துட்டுப் போ ஜீவா, இன்னாத்துக்கு பேஜாரு" என்றார். அந்த அம்மா சாகவே இல்லை என்று எழுதித் தருவது போல இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை கடைசி விசாரணை. அதில் என்னை நம்பாவிட்டால் இருக்கிற ஒப்பந்த வேலையும் போய்விடும்.

இவ்வளவு வீறாப்பு பேசியவன் நேற்று என்ன செய்தேன் தெரியுமா? காலையில் அதே தெருவில் இன்னொரு சாவு. ஷூ கம்பெனியில் இருந்த சவுரியம்மாள் அக்கா. போன் மேல் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. வால்வுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தே இருந்தேன், ஜாஸ்மின். கடைசியில் கடையில் கேன் தண்ணீர் வாங்கிக் குளிப்பாட்டினார்களாம். அடக்கத்துக்குப் போனேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவின் மகள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

ராஜினாமாவை இப்போது கொடுக்காதே. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னை வராதே என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆனால் நேற்று நீ இங்கே இருந்திருந்தால், எழுந்து போய்த் திற என்று என்னைத் துரத்தியிருப்பாய்.

கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. இதைப் படித்ததும் என்னை நன்றாகத் திட்டிவிடு. இங்கே யாருமே திட்டமாட்டேன் என்கிறார்கள்.

உன்,
ஜீவா