கயிறு பிடித்தவர்களின் பங்கு

புதுக்குப்பம்,
செவ்வாய்.

அன்புள்ள உங்களுக்கு,

கடல் அழகாக இருக்கிறது. விடுதி மெத்தையில்தான் மணல். அலைக்குள் படுத்திருப்பது போலவே தூங்குகிறேன். விழித்தால் உங்கள் தலையணை கசங்காமல் கிடக்கிறது.

விடியலில் கரைவலை இழுத்தார்கள். நானும் கயிறு பிடித்தேன். பிடித்தவர்களுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டாம்.

"அவருக்கும் ஒரு பங்கு குடுங்க. ரூம்ல தூங்குறாரு" என்று பொய் சொன்னேன்.

பங்கு பிரித்துக்கொண்டிருந்த செங்கேணி நிமிர்ந்தாள். "கயிறு புடிக்காத ஆம்பளைக்கு இன்னா பங்கு? எழுப்பி இட்டுனு வாம்மா!"

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், வெகுநேரம்.

சேர்ந்து வருவதாகச் சொல்லித்தான் இந்த அறையை எடுத்தோம். ஞாயிறு வரை இருப்பேன். வந்தால் நேரே கரைக்கு வாருங்கள். வராவிட்டால், அன்று பக்கத்துப் பாகூரில் பஸ் ஏறுகிறவள் உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள்.

அதுவரை உங்கள்
மனைவி