ஒருத்தர் அங்க இருக்கணும்

14.6.2004, திங்கள்

மோட்டார் மறுபடியும் காலை வாரிவிட்டது. நர்சரியில் பாதிச் செடிக்குக் குடத்தில்தான் தண்ணீர். இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு நல்ல செய்தி. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் கம்பெனி குவார்ட்டர்ஸில் பார்க் போடும் வேலை எங்களுக்கே கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் பதினைந்து திறப்பு. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. துபாயில் அடுத்தவன் பெயரில் புல் நட்டுக்கொண்டிருந்த மனுஷன். இனிமேல் 'தாஜுதீன் பாய் போட்ட பார்க்' என்பார்கள்.

நடைபாதைக் கல் பெரியசாமி குவாரியில் எடுக்கிறோம். எல்லாரையும்விட மலிவு. அந்த ஆளுக்கு எப்படித்தான் கட்டுப்படியாகிறதோ.

23.6.2004, புதன்

கல் பதிக்கக் குவாரியிலிருந்தே ஒரு ஆள் டிராக்டரில் வருகிறான். பெயர் பாவாடை. நல்ல வேலை. புல் நடப் பெண்ணாள் கிடைக்கவில்லை, "உன் பெஞ்சாதியையும் கூட்டிட்டு வாயேன், கூலிய நானே கையில தரேன்" என்றேன்.

"ஒருத்தர் அங்க இருக்கணும்ங்க பாயம்மா" என்றான்.

ஆடு கோழி ஏதாவது வளர்க்கிறார்கள் போல.

30.6.2004, புதன்

இன்று பாவாடை வரவில்லை. அவனுக்குப் பதில் அவன் மனைவி மலர்கொடி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிராக்டரிலிருந்து இறங்குகிறாள். ஆறு மாசமாம்! வாயும் வயிறுமாய் இருப்பவளைக் கல் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களே, இவர்கள் மனுஷர்கள்தானா?

"உன் புருஷன் எங்க?"

"அது அங்க இருக்குங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா வெளிய வுட மாட்டாங்க. முன்பணம் வாங்கியிருக்கோம்ல."

வளைகாப்புக்குத் திருமழபாடியில் இருக்கிற அம்மா வீட்டுக்குக்கூட விடவில்லையாம். நான் கொதித்துப்போய்க் கத்த, அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறாள். "புள்ள பொறந்துட்டா ரெண்டு பேரும் ஜோடியாவே போயிட்டு வரலாம்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. புள்ள அங்க இருக்கும்ல."

புள்ள அங்க இருக்கும்ல — சிரித்துக்கொண்டே சொன்னாள்!

1.7.2004, வியாழன்

அவரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு மர்ஜியா ஊர் வம்பு? பார்க் முடியட்டும்" என்கிறார். பார்க் முடிந்துவிட்டால் அவர்கள் ஏன் இந்தப் பக்கம் வரப்போகிறார்கள்? அப்புறம் யார் கேட்பது?

மலிவு மலிவு என்று குதித்தேனே. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. நானெல்லாம் வியாபாரம் பேச வந்துவிட்டேன்!

12.7.2004, திங்கள்

போன வாரம் அவருக்குத் தெரியாமல் பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்திருந்தேன். இன்று குவாரிக்கு விசாரிக்கப் போயிருக்கிறார்கள். பாவாடை அந்த நேரத்தில் எங்கள் பார்க்கில், குவாரி டிராக்டர்க்காரன் கண்ணெதிரே. அங்கே மலர்கொடி தனியாக. "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வாள்? அவன் குவாரி ஆள் பிடியில் இருக்கும்போது அவள் எப்படி வாய் திறப்பாள்? இது எனக்கு முன்னாலேயே உறைக்க வேண்டாமா?

அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "ஒன்ன யாரு தலையிடச் சொன்னா?" என்று ஒரே கூச்சல். நான் விட்டேனா?

"ஒங்க பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருந்தானே மச்சான்? ஒங்க உம்மா மவுத்துக்குக்கூட வர முடியாம கெடந்தீங்களே? அப்ப அந்த ஊர்ல யாராச்சும் ஒருத்தன் தலையிட்டிருந்தா?"

அவர் எழுந்து செடிகளைப் பார்க்கப் போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, சொல்லத்தான் வேண்டும். யா அல்லாஹ், எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

14.7.2004, புதன்

இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு நர்சரியிலேயே.

2.8.2004, திங்கள்

இன்று அவராகவே பெரியசாமிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தே போட்டார்.

"தெறப்பு நெருங்குது. புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரையும் ஒரு நாளைக்கு அனுப்புங்க. இல்லேன்னா நான் வேற எடத்துல கல்லு எடுத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன முழிக்கிறே? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி வையி" என்றார். அழுதுவிட்டேன்.

4.8.2004, புதன்

வந்தார்கள்! இரண்டு பேரும்!

டிராக்டர்க்காரன் கல் இறக்கிக்கொண்டிருந்தான். புல் ஏற்றிவர வேண்டும் என்று சொல்லி இருவரையும் எங்கள் வேனில் ஏற்றினோம். போகும்போதுதான் எங்கே போகிறோம் என்று சொன்னேன். மலர்கொடி நடுங்கிவிட்டாள். அவர் வண்டியை ஓரம் கட்டி, "வேணாம்னா இப்பவே திருப்பிடறேன். ஒங்க இஷ்டம்" என்றார். பாவாடை அவளைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள். "வுடுங்க பாய், போலாம்" என்றான்.

அதிகாரி ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். "ஒருத்தர் திரும்பி வரலேன்னா இன்னொருத்தர அடிப்பாங்க சார்."

16.8.2004, திங்கள்

திறப்பு முடிந்தது. நடைபாதை பாதி மண்ணாகவே கிடக்க, அதன் மேலேயே எல்லாரும் நடந்து போனார்கள். குவாரியிலிருந்த மற்றக் குடும்பங்களையும் மீட்டுவிட்டார்கள், பெரியசாமி மேல் வழக்கு. பாதை முடிக்காததால் பார்க் பராமரிப்பு வேலை எங்களுக்கு இல்லையாம். வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

"இனிமே கல்லோ செங்கல்லோ எதுவானாலும், எடுக்கறதுக்கு முன்னாடி நேர்ல போயி ஆளுங்ககிட்ட பேசணும். ஜோடியா வச்சிப் பேசணும்" என்கிறார் அவர். மூஞ்சி மட்டும் உர்ரென்றே இருக்கிறது.

6.1.2005, வியாழன்

மலர்கொடியும் பாவாடையும் நர்சரிக்கு வந்தார்கள். பெண் குழந்தை, மூன்று மாதம், அப்படியே அவள் ஜாடை. வேலை கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாராளமா வாங்க. புள்ளைய ஒங்க அம்மாகிட்ட வுட்டுட்டு ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றேன்.

மலர்கொடி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. குவாரி ஞாபகம் வந்ததும் கூசிப்போய்விட்டது.

பாவாடைதான் பேசினான். "இல்லீங்க பாயம்மா. புள்ள எங்ககூடத்தான் இருக்கும்."

அவர் உள்ளே போய் என் பழைய சேலையை எடுத்துவந்து, செடிகளுக்குப் போட்ட பந்தலில் தூளி கட்டினார்.